யோனத்தானின் குழி

காலை 6.40. கல்லறைத் தோட்டப் பதிவேட்டில் 411 பேர். இன்று திறக்க வேண்டியது 286-ஆம் எண், பெயர் யோனத்தான், வயது மூன்று, இறந்த ஆண்டு 1971, காரணம் காய்ச்சல். குழி வெட்டுகிற வேதமுத்து நான்கு மூலைக்கும் முளை அடித்துக் கயிறு கட்டினார். நீளம் ஆறே முக்கால் அடி, அகலம் இரண்டரை. மூன்று வயதுப் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று நாற்பத்தாறு வருஷமாக ஒருவரும் கேட்கவில்லை. இன்று கேட்கலாம். மாலை நான்கு மணிக்கு இதற்குள் டெய்சி சுகந்தம் இறங்கப் போகிறார், ஏலிம்விளை மிஷன் ஆஸ்பத்திரியின் பழைய நர்ஸ், எழுபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகாதவர், சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். நேற்றுக் காலை வேதமுத்துவின் மனைவி தாயம்மாள் கையால் இரண்டு கரண்டி கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியவர் அப்படியே போய்விட்டார். தலையணை உறைக்குள் ஒரு கடிதம் இருந்தது. என்னை யோனத்தானின் குழியில் வையுங்கள். முதல் வரி அது. சபைச் செயலர் ஆசீர் அண்ணாச்சி வாசலில் நின்று அந்த ஒரு வரியைச் சத்தமாகப் படித்துவிட்டு மீதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பெட்டிக்குச் சொல்ல வேண்டும், போதகர் ஐயருக்குப் போன் போட வேண்டும், படித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. வேதமுத்துவுக்கும் அதற்குமேல் கேட்கக் காது இல்லை. யோனத்தான் என்று ஒரு பிள்ளை கிடையாது. இந்தக் குழியில் யாரும் இல்லை. இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அப்பா, அவர் 1986-இல் போய்விட்டார். இன்னொருவர் மண்வெட்டியோடு இங்கே நிற்கிறார்.

முதல் ஓரடி லேசு. தேரி மண், சிவப்பு, மாவு மாதிரி, மண்வெட்டி கேட்டதை அப்படியே கொடுக்கும். கேட்காததையும் கொடுக்கும், அதுதான் தொந்தரவு. மூன்றடிக்குக் கீழே பக்கச்சுவர் நிற்காது, பனம்பலகை நிறுத்தி முட்டுக் கொடுக்க வேண்டும். பலகைகளை விடிந்ததும் கொண்டுவந்து போட்டாகிவிட்டது. விடிந்ததும் இன்னொன்றும் செய்தாகிவிட்டது, அதைப் பற்றி இப்போது வேண்டாம். தோளில் கிடக்கும் துண்டின் முடிச்சு கழுத்தில் உறுத்துகிறது, உறுத்தட்டும். கம்பியை விட்டுப் பார்க்காமல் வெட்டும் முதல் குழி இதுதான். மற்ற எந்தக் குழிக்கும் ஐந்தடி இரும்புக் கம்பியை முதலில் மண்ணுக்குள் இறக்கிப் பார்ப்பார். மரம் என்றால் மொத்தையாக ஒரு சத்தம், செங்கல் என்றால் கை அதிரும், ஒன்றும் இல்லாத மண் கம்பியைப் பேசாமல் வாங்கிக்கொள்ளும். இந்த நாற்பத்து மூன்று சென்ட் தோட்டத்தின் சரித்திரம் கோயில் மலரில் இரண்டு பக்கம் அச்சாகியிருக்கிறது. வேதமுத்துவுக்கு அது உள்ளங்கையில் இருக்கிறது. தென்கிழக்கு மூலையில் செங்கல், அது வண்டிக்காரர் யோவான், 1852. கோயில் கட்டச் செங்கல் ஏற்றி வந்த வண்டி ஓடையில் குடைசாய்ந்து அடியில் போனவர். கோயில் எழும்புவதற்கு முன் கல்லறை எழும்பிவிட்டது. அவர் கொண்டுவந்த செங்கலிலேயே அவருக்குக் கட்டினார்கள், அதனால் கோயிலின் தெற்குச் சுவர் ஒரு வரிசை குறைந்துபோனது, அண்ணாந்து பார்த்தால் இன்றைக்கும் தெரியும். குறைந்த வரிசையை நிரப்ப அப்புறம் யாருக்கும் மனம் வரவில்லை. நல்ல மனுஷர்கள்தான். அதுதான் ஆச்சரியம், எல்லாரும் நல்ல மனுஷர்கள்தான்.

வடக்கே வேம்புக்கு அடியில் கம்பிக்கு வேறு மாதிரி பதில் வரும், பொறுபொறுவென்று, எத்தனை எலும்பு என்று எண்ண முடியாதபடி. அது நீளக்குழி. 1877, பஞ்சம், அதன் பின்னால் காலரா. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்தும் விளாத்திகுளத்திலிருந்தும் நடந்தே வந்து கோயில் கஞ்சித்தொட்டி வரைக்கும் எட்டியவர்கள், எட்டியபிறகு முடியாமல் போனவர்கள். அப்போது உபதேசியார் குருபாதம் என்று ஒருவர். முப்பத்து நாலு வயது. படுத்துக் கிடந்தவர்கள் பக்கத்தில் போய்க் குனிந்து பெயர் கேட்டு எழுதினார். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றபோது அவர் காதைக் கொண்டுபோய் அவர்கள் வாயருகே வைத்தாராம். பேச முடியாதவர்களுக்கு என்ன கண்டாரோ அதை எழுதினார். நீலச் சேலைக்காரி. இரும்புக் காப்புப் போட்ட கிழவர். தம்பியைச் சுமந்து வந்த பெண்பிள்ளை. அடுத்த வரியில், மேற்படியாளின் தம்பி. அறுபத்து மூன்று வரி அவர் கையெழுத்து, ஒவ்வொன்றும் மணி மணியாக. அறுபத்து நாலாவது வரி வேறொருவர் கையெழுத்து: குருபாதம், உபதேசியார், காலரா. அவரையும் அதே குழியில் வைத்தார்கள். அவர் எழுதிவைத்த விதி ஒன்று இன்னும் இருக்கிறது. வழிப்போக்கராக வந்து ஏலிம்விளையில் சாகிறவருக்கு மேற்குச் சுவரோரம் இடம் மறுக்கக் கூடாது. பதிவேடு அப்படிப்பட்ட பதிவேடு. நூற்று நாற்பது வருஷமாக யாரும் அதில் ஒரு எழுத்துப் பொய் எழுதியதில்லை. அப்பா சொல்லித்தான் ஒரு பொய் அதில் ஏறியது. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் குருபாதம் உபதேசியார் எழுந்து உட்கார்ந்து, முகத்தில் கோபமே இல்லாமல், பெயர் என்னப்பா என்று கேட்கிற மாதிரி இருக்கும்.

இரண்டடி. வெயில் வேம்பைத் தாண்டிவிட்டது. இரண்டு மயில்கள் சுவர்மேல் வந்து நின்று குழியைப் பார்த்தன, அவற்றுக்குப் புதுமண்ணில் புழு வேண்டும். எலும்பு இருக்காது. இருக்காது என்பது தெரிந்த விஷயம், அதையே ஏன் மனம் திரும்பத் திரும்பப் போய்த் தட்டுகிறது. அப்பா ஏன் செய்தார் என்று கேட்டால் அம்மாவுக்காக. தோட்டத்துக்கு நிலம் கொடுத்தது பதினோரு குடும்பம், உள்ளே பதினோரு வரிசை. வரிசைக்காரர்கள் தங்கள் வரிசையில் படுப்பார்கள், வழிப்போக்கர்கள் மேற்குச் சுவரோரம் படுப்பார்கள், குழி வெட்டுகிறவர்கள் ஓடைக்கரையில் படுப்பார்கள். சாதி என்று யாரும் சொன்னதில்லை. வரிசை என்றுதான் சொன்னார்கள். 1970 ஆவணியில் அம்மா இறந்து ஓடைக்கரைக்குப் போனாள். ஐப்பசியில் வெள்ளம் வந்து கரையை அறுத்துக்கொண்டு போனது. அப்பா மூன்று நாள் இடுப்பளவு தண்ணீரில் கம்பியைக் குத்திக் குத்தி நடந்தார். மொத்தைச் சத்தம் எங்கும் கேட்கவில்லை. நாலாம் நாள் கம்பியைத் துடைத்து மூலையில் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மறு வருஷம் உப்பளத்துக்குப் போகிற கூட்டம் ஒன்று ஊரில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போனது. அவர்கள் போன மதியம் அப்பா மேற்குச் சுவரோரம் ஆள் நீளத்துக்கு மண்ணைக் கூட்டி, பனஞ்சட்டத்தில் ஒரு சிலுவை நட்டு, அன்றைய செயலர் தங்கையா வீட்டுக்குப் போய், வழிப்போக்கர் பிள்ளை, மூணு வயசு, காய்ச்சல், பேர் யோனத்தானாம் என்றார். தங்கையா எழுதி, சாட்சிக் கட்டத்தில் கையெழுத்தும் போட்டார். குழியை நேரில் பார்த்துத்தான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். தங்கையா ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து அந்த வாரத்துக்கு மொத்தமாகப் போடுகிற வழக்கம். அப்படி ஒரு ஆள் அகலத்துக்கு உள்ளே இடம் பிடித்தாயிற்று. சாகக் கிடந்தபோது அப்பா இதைச் சொன்னார். எனக்கு வேண்டாம், என்னய ஓடைக்கரையில போடு, அவ போன பக்கமா போயிக்கிடுதேன். அது ஒம் பொஞ்சாதிக்கு. இந்த வீட்டுல ஒரு பொம்பளை தண்ணியில போனது போதும்.

ஆனால் அப்பா ஒன்றை எதிர்பார்க்கவில்லை. 1973-இல் மிஷன் ஆஸ்பத்திரிக்கு டெய்சி சுகந்தம் வந்தார். வந்த மறு வருஷம் நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். வரிசைக்காரர்கள் அவரவர் வரிசையில் சுண்ணாம்பு அடித்து மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்ற, நர்ஸம்மா கையில் ஒரு மெழுகுவத்தியோடு தோட்டம் முழுக்கச் சுற்றிவந்து, ஒன்றும் இல்லாமல் கிடந்த பனஞ்சட்டச் சிலுவைக்கு முன்னால் நின்றார். இந்தப் பிள்ளைக்கு ஆள் இல்லையா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா என்ன சொல்வார். இருக்கு என்றால் யார் என்று வரும். இல்லை என்றார். அவ்வளவுதான், அன்றைக்கு ஏற்றினவர் வருஷா வருஷம் ஏற்றினார். சுண்ணாம்பு அவரே கலக்கினார். பனஞ்சட்டத்தை எடுத்துவிட்டுச் சிமெண்டில் சிலுவை வைத்து அதில் பெயரை எழுதவைத்தார். ஈஸ்டர் அன்று விடிகாலை ஆராதனைக்கு வரும்போது பிள்ளைக்கு என்று ஒரு கை பிச்சிப்பூ. அப்பா வீட்டில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். காலி மண்ணுக்குப் பூ வைக்கிற மனுஷியை எப்படி வேண்டாம் என்பது. வேதமுத்துவுக்கு அந்த வயசில் அது சிரிப்பாக இருந்தது. இப்போது நாலடி ஆழத்தில் நின்று முட்டுப் பலகையைத் தட்டி இறுக்கும்போது சிரிப்பு வரவில்லை. விதி இப்படி: ஆள் இல்லாத கல்லறையை யார் முப்பது கல்லறைத் திருநாள் விடாமல் பேணுகிறாரோ அவர் அதற்கு உரிமைக்காரர், அதில் யாரை வைப்பது என்று சொல்லும் உரிமை அவருக்கு. முப்பது வருஷம் நாமே பேணி நாமே உரிமை கேட்போம் என்பதுதான் அப்பாவின் கணக்கு. நடுவில் நர்ஸம்மா வந்துவிட்டார். 2004-இல் 286-ஆம் எண்ணுக்கு நேரே உரிமைக்காரர் டெய்சி சுகந்தம் என்று எழுதினார்கள். சபையில் கை தட்டினார்கள். தாயம்மாளும் தட்டினாள், அவளுக்கு எதுவும் தெரியாது.

தாயம்மாளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் இரண்டு நாள் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு திரும்புகிறாள். திரும்பிய அன்றைக்கும் நர்ஸம்மா வீட்டுக்குப் போய் உடம்பு துடைத்து, படுக்கை மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டு வருவாள். இரண்டு வருஷம். நர்ஸம்மா அவள் கையில் ஊசிபோட்ட இடத்தைத் தடவிப் பார்த்து, சரியாக் குத்தத் தெரியல இவங்களுக்கு என்று வைவாராம். போன மாசம் ஒரு நாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓடைப்பாலம் தாண்டும்போது தாயம்மாள் சாதாரணமாகக் கேட்டாள், நாளைக்கு என்ன குழம்பு என்று கேட்கிற மாதிரி. என்னையும் இங்கதான் வைப்பியளா? மழக்காலமாப் பாத்துச் சாகக் கூடாது, என்ன. வேதமுத்து டிக்கெட்டை மடித்துக்கொண்டே இருந்தார். நர்ஸம்மாவிடம் கேட்டுவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தார். உங்கள் குழியை அவளுக்குக் கொடுங்கள். சொந்த ஊருக்குத்தான் உங்களைக் கொண்டுபோவார்கள், அண்ணன் மகன் பெங்களூரில் இருக்கிறார், உங்களுக்கு இது எதற்கு. நாலு தடவை கட்டிலருகே போய் நின்றார். நாலு தடவையும் காற்று வருதா நர்ஸம்மா, ஜன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்டுவிட்டு வந்தார். கேட்டால் ஏன் அந்தக் குழி என்பார். ஏன் என்றால் அப்பாவின் பொய். ஒரு பொய்யை முப்பது வருஷம் பூ வைத்து வளர்த்தவரிடம் அது பொய் என்று எப்படிச் சொல்ல. இப்போது கேட்க ஆள் இல்லை. அவரே வரப்போகிறார். தாயம்மாளுக்கு ஓடைக்கரை. அதையாவது தாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று இருக்கிறது. இன்றைக்கு எலும்பு வராவிட்டால், ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால், யோனத்தானே இல்லை என்று ஆகும். யோனத்தான் இல்லையென்றால் உரிமை இல்லை. உரிமை இல்லையென்றால் நர்ஸம்மாவுக்கு இங்கே இடம் இல்லை, வரிசையும் இல்லாதவர், வழிப்போக்கரும் இல்லாதவர், பதினாறு கிலோமீட்டர் தள்ளி டவுன் பொதுத் தோட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். நாற்பத்து நாலு வருஷம் இந்த ஊரில் பிள்ளைகளைக் கையில் வாங்கிய கை.

எட்டே காலுக்கு ஆசீர் அண்ணாச்சி வந்தார். தங்கையாவின் மூத்த மகன், ஓய்வுபெற்ற கூட்டுறவு சங்கச் செயலர், இப்போது சபைக்குச் செயலர், அறுபத்தாறு வயது. பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு கையிலும் பதிவேட்டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, கக்கத்தில் வெள்ளைத்துணி. பழைய குழியைத் திறந்தால் முதலில் இருந்தவரின் எலும்பைப் பொறுக்கி அந்த வெள்ளைத்துணியில் கட்டி, புதுப் பெட்டியின் கால்மாட்டில் வைப்பது இங்கே வழக்கம். கமிட்டி ஆள் ஒருவர் கண்ணால் பார்த்து, எலும்பு கண்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தங்கையா போல இல்லை, ஆசீர் அண்ணாச்சி எதையும் நேரில் பார்த்துத்தான் போடுவார்; அப்பாவைப் பார்த்துப் பார்த்து அப்படி ஆகிவிட்டேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நாற்காலியைக் குழிக்கு நாலடி தள்ளிப் போட்டு, அது மணலில் புதைகிறதா என்று இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து பார்த்தார். பெங்களூர்க்காரர் போனில் உங்க வசதிப்படி செய்யுங்க என்று சொல்லிவிட்டதாகவும், டீ சொல்லியிருப்பதாகவும், ஐயர் மூன்றரைக்கே வந்துவிடுவார் என்றும் சொன்னார். பிறகு குழியை எட்டிப் பார்த்தார்.

"என்னவே, ஒன் கழுத்துல தாலி மாதிரி முடிச்சு?"

"வேர்வை துடைக்க அண்ணாச்சி."

வேர்வை துடைக்கத்தான். துடைப்பதற்கு ஏன் முடிச்சு என்று அவர் கேட்கவில்லை. வேதமுத்து குனிந்துகொண்டார். விடிந்ததும் செய்தது இதுதான். நீளக்குழி ஓரம் கீரி பறித்துப்போட்ட மண்ணில் சின்ன எலும்பு ஒன்று கிடந்தது, சுண்டுவிரல் நீளம். எப்போதாவது அப்படிக் கிடக்கும், எடுத்து வேம்படியில் புதைத்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்பார். இன்றைக்குப் புதைக்கவில்லை. துண்டில் முடிந்துகொண்டார். ஐந்தடியில் கையைவிட்டு எடுக்கிற மாதிரி எடுத்து மேலே நீட்டினால் ஆசீர் அண்ணாச்சி எழுதிவிடுவார், கையெழுத்து விழும், நர்ஸம்மா நாலு மணிக்கு இறங்குவார், எல்லாம் சரியாகும். ஒரே ஒரு கை அசைவு. நாலரை அடி. யாருடைய எலும்பு என்று தெரியாது. தம்பியைச் சுமந்து வந்த பெண்பிள்ளையுடையதாக இருக்கலாம். மேற்படியாளின் தம்பியுடையதாக இருக்கலாம். குருபாதம் காதைக் கொண்டுபோய் வைத்துக் கேட்ட ஒரு பெயர் இதற்கு உண்டு. அந்தப் பெயரை உருவிவிட்டு யோனத்தான் என்று போட வேண்டும். அப்பா இல்லாத ஒருவனுக்குப் பெயர் வைத்தார். இது இருந்த ஒருவனின் பெயரை எடுப்பது. இரண்டும் ஒன்றில்லை. ஒன்றில்லை, ஆனால் நாலு மணிக்கு நர்ஸம்மாவை எங்கே இறக்குவது. மண்வெட்டி போய்வந்துகொண்டிருந்தது. கை தன் வேலையைச் செய்தது. முடிச்சுக்குப் போன கையை இரண்டு தடவை மண்வெட்டிப் பிடிக்குத் திருப்பினார். மூன்றாம் தடவை துண்டைக் கழற்றி, முடிச்சு அவிழாமல், மேலே சுவர்ப் பக்கம் போட்டுவிட்டார். மத்தியானம் வேம்படிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆசீர் அண்ணாச்சி டீயை உறிஞ்சிக்கொண்டு மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தடி. ஐந்தரை. சிவப்பு மண், அதற்குக் கீழே இன்னும் சிவப்பு மண். யாரும் தொடாத மண்ணுக்கு ஒரு வரி இருக்கும், காற்று அடுக்கிய வரி, பனையோலை மாதிரி நேராக. ஒருமுறை வெட்டி மூடினால் அந்த வரி கலைந்துவிடும், அப்புறம் எத்தனை வருஷமானாலும் சேராது. குழியின் நாலு பக்கமும் பலகை இடுக்கில் வரி வரியாகத் தெரிந்தது, கலையாமல். பார்க்கத் தெரிந்தவனுக்கு இது எழுதி ஒட்டிய மாதிரி. ஆசீர் அண்ணாச்சிக்குப் பார்க்கத் தெரியுமா. நர்ஸம்மாவுக்கு? திடீரென்று அந்த வாக்கியம் வந்து குறுக்கே விழுந்தது. அப்பா போன மறு வருஷம், 1987. ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸம்மா பழைய அம்மைப்பால் நோட்டுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழிப்போக்கர் கூட்டம் எது வந்தாலும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அம்மை தடுக்கக் குத்தி, பெயர் எழுதிக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். வேதமுத்து, 71-ல அந்த உப்பளக் கூட்டத்துல ஒன்பது பிள்ளைங்க. ஒன்பதும் ஊரை விட்டு நடந்தே போயிருக்கு. இதுல யோனத்தான் இல்லையே.  விட்டுப் போயிருக்கும் நர்ஸம்மா என்றார் வேதமுத்து. அவர் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், விட்டுப் போயிருக்கும் என்று அவரும் சொல்லி நோட்டை மூடினார். முப்பது வருஷமாக வேதமுத்து அந்தப் பார்வையை மிரட்டல் என்றுதான் நினைத்திருந்தார். அவரைக் கண்டால் ஒரு அடி தள்ளி நடப்பார். நவம்பர் இரண்டுக்கு முந்தின நாள் தூக்கம் வராது, இந்த வருஷம் வரமாட்டார், இந்த வருஷம் கமிட்டியில் சொல்லிவிடுவார் என்று. அவர் வருவார். காலில் கட்டுப் போட்டிருந்த வருஷம் கம்பவுண்டர் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்து, சுண்ணாம்பு வாளியை மடியில் வைத்துக்கொண்டு, இறங்கி, ஒன்றும் இல்லாத மண்ணுக்கு மெழுகுவத்தி ஏற்றினார். இல்லை என்று தெரிந்த பிறகும் ஏற்றியிருக்கிறார். ஏன்.

"என்னவே, ஒண்ணும் தட்டலயா?"

ஆசீர் அண்ணாச்சி எழுந்து வந்து விளிம்பில் நின்றார். கையில் வெள்ளைத்துணி விரித்தபடி. வேதமுத்து மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். வாய்க்குள் இரண்டு வாக்கியம் இருந்தது. ஒன்று, இங்கே யாரையும் புதைக்கவில்லை. மற்றது வெளியே வந்தது.

"இந்த மண்ணுல சின்னப்பிள்ளை எலும்பு நாப்பது வருஷத்துக்கு நிக்காது அண்ணாச்சி."

பொய் இல்லை. நிற்காது. வெட்டிய பத்துப் பன்னிரண்டு பிள்ளைக் குழிகளில் பார்த்திருக்கிறார், பல்கூட மிஞ்சாது; காலராவுக்குச் சுண்ணாம்பு கொட்டிய நீளக்குழியில் மட்டும்தான் நிற்கும். ஆசீர் அண்ணாச்சி அவரைப் பார்க்கவில்லை. பலகை இடுக்கைப் பார்த்தார். நேராகப் போகும் வரியை, இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும், மெதுவாகப் பார்த்தார். அவரும் இந்தத் தோட்டத்தில் இருபது வருஷமாக ஒவ்வொரு குழிக்கும் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர். பிறகு நாற்காலிக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டி 1971-ஐ எடுத்தார். சாட்சிக் கட்டத்தில் தங்கையாவின் கையெழுத்து, வால் நீட்டிப் போட்டது. அதன்மேல் விரலை வைத்தார். மயில் ஒன்று தொண்டை கிழியக் கத்தியது, அது ஓயும்வரை பேனாவைத் திறக்கவில்லை. அப்புறம் எழுதியதை வாய்விட்டுப் படித்தார்: மண்ணோடு மண்ணானதால் எலும்பு காணப்படவில்லை. எங்க அப்பா போட்டதுக்கு நானும் ஒண்ணு போட்டுட்டேன் என்றார். வெள்ளைத்துணியை மடித்து நாற்காலி முதுகில் தொங்கவிட்டார்.  இன்னும் அரையடி, ஆறடி ஆனதும் முடிந்தது. நர்ஸம்மாவுக்கு இடம் உண்டு. தாயம்மாளுக்கு இல்லை. ஒன்று கிடைத்தால் ஒன்று, அதற்குமேல் கேட்கக் கூடாது. அடியை மட்டம் பார்த்துவிட்டு மேலே ஏறப் பலகையில் கால் வைத்தார்.

"ஏறாதே. இதை உரிமைப் பக்கத்துல எழுதணுமேன்னு இப்பத்தான் முழுசாப் படிக்கேன்." ஆசீர் அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கடிதத்தை முகத்தருகே பிடித்திருந்தார். "எட்டடி வெட்டணும்னு எழுதியிருக்காவ நர்ஸம்மா."

"எட்டடி எதுக்கு அண்ணாச்சி?"

"மேல இன்னொரு ஆளுக்கு இடம் விடணுமாம். ஒன் பொஞ்சாதிக்கு."

பிறகு அவர் அந்த இடத்தை நர்ஸம்மா எழுதிய எழுத்திலேயே படித்தார். விதி ஐந்தின்படி எனக்குள்ள உரிமையை எனக்குப் பின் தாயம்மாளுக்கு எழுதுகிறேன். விதி ஒன்பது அவளைத் தடுக்காது, அவள் கூலிக்காரி அல்ல. விதி ஒன்பது. வேதமுத்துவுக்குத் தெரியும். 1988-இல் இங்கிலீஷில் இருந்த விதிகளைத் தமிழில் அச்சடித்துக் கோயில் வாசலில் மாட்டியபோது, பெயிண்ட் வாசம் போகுமுன்னே படித்தார். கூலிக்குக் கல்லறை பேணுகிறவரின் பேணுதல் முப்பது வருஷக் கணக்கில் சேராது. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும், இங்கிலீஷ் விதி எங்கே தெரியும். அப்பா பிடித்த இடம் அப்பா பிடித்த அன்றைக்கே கையை விட்டுப் போனது. சபைக் கூலி வாங்குகிற நாங்கள் எத்தனை மெழுகுவத்தி ஏற்றினாலும் எங்களுக்கு ஆகாது, ஆள் இல்லாத குழி என்று முப்பது வருஷம் முடிந்ததும் கமிட்டி எடுத்து ஏதாவது ஒரு வரிசைக்குச் சேர்த்திருக்கும். அன்றைக்கு அந்தப் பலகைக்கு முன்னால் பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருந்தது யார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு ஒன்பதாவதை இரண்டாம் தடவை படித்தது யார். நர்ஸம்மா. அப்போது பதினாலு வருஷம் ஏற்றியிருந்தார். பிள்ளை இல்லை என்று அதற்கு முந்தின வருஷமே தெரியும். நிறுத்தியிருக்கலாம். இன்னும் பதினாறு வருஷம் ஏற்றினார். ஒருவரிடமும் சொல்லாமல், எங்களிடமும் சொல்லாமல், எங்களால் வைத்துக்கொள்ள முடியாத ஒன்றை எங்களுக்காக வைத்திருந்தார். நான் ஒரு அடி தள்ளி நடந்தேன். ஓடைக்கரையில் அம்மா போன கதை ஊருக்கே தெரியும், அவருக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள். ஆள் நீளத்துக்கு ஒரு பிள்ளையின் குழி, அம்மைப்பால் நோட்டில் ஒன்பது பெயர், குழி வெட்டுகிறவனின் பொண்டாட்டி தண்ணீரில் போன வருஷம். கூட்டிப் பார்க்க நர்ஸுக்கு எவ்வளவு நேரம் ஆகும். கட்டிலருகே நாலு தடவை போய் நின்று காற்று வருதா என்று கேட்டபோது ஒவ்வொரு தடவையும், வருது வேதமுத்து, நல்லா வருது என்றார். கடிதம் அப்போது தலையணைக்குள் இருந்திருக்கும்.

ஆசீர் அண்ணாச்சி கீழே பார்த்து, அழுதா கொஞ்ச நேரம் அழு, பெறவு வெட்டு, மணி ஒன்பதரை ஆயிட்டு என்றார். அழவில்லை அண்ணாச்சி, மண்ணு விழுந்துட்டு. கண்ணில் மண் விழுந்தால் வேலை நிற்கக் கூடாது. தேரியில் எட்டடி என்பது விளையாட்டில்லை, ஆறடிக்குக் கீழே வீசிய மண் மேலே போகாமல் தலையிலேயே விழும், பலகைக்குக் கீழே பலகை கொடுக்க வேண்டும், ஒற்றை ஆளால் ஆகாது. ஆள் அனுப்பவா என்று கேட்ட ஆசீர் அண்ணாச்சி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பதிவேட்டின்மேல் வைத்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், கோயில் கிணற்றுக்குப் போய்க் கயிற்றையும் வாளியையும் அவிழ்த்துக்கொண்டு வந்தார். பதினோரு வரிசையில் மூன்றாவது வரிசை அவர்களுடையது. அந்த வீட்டுக்காரர்கள் குழிக்குள் மண் தள்ளியிருக்கிறார்கள், குழியிலிருந்து மண் எடுத்ததில்லை. முதல் வாளி பாதியில் கவிழ்ந்து வேதமுத்துவின் முதுகில் கொட்டியது. கூட்டுறவு சங்கத்துல இதெல்லாம் சொல்லிக்கொடுக்கல வே என்றார். இரண்டாவது வாளி ஒழுங்காகப் போனது. மூன்றாவதும். வாளி இறங்கும், நிரப்பி இரண்டு தட்டுத் தட்ட வேண்டும், மேலே போகும், நீளமாகத் தெரிகிற வானத்தை ஒரு நொடி மறைத்துவிட்டு நகரும். ஆறரை அடியில் மண் ஈரமாக, குளிர்ந்து இருந்தது. வீட்டுக்குப் போய்த் தாயம்மாளிடம் எப்படிச் சொல்வது. முதலிலிருந்து சொல்ல வேண்டும், அப்பாவிலிருந்து. பஸ்ஸில் வைத்துச் சொல்லலாம், வெள்ளிக்கிழமை, பாலம் வருவதற்கு முன்னால். ஏழடி. மேலிருந்து, இன்னும் எவ்வளவு வே என்று சத்தம் வந்தது. இன்னும் ஓரடி என்றார். ஓரடி என்றால் நாற்பது வாளி. ஒவ்வொன்றாக எண்ணி நிரப்பினார்.

2019 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை, தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் தாயம்மாள் இறந்தார். வயது ஐம்பத்தெட்டு. மறுநாள் மாலை ஐந்து மணிக்கு ஏலிம்விளைக் கல்லறைத் தோட்டத்தில், மேற்குச் சுவரோரம், 286-ஆம் எண்ணில், நாலரை அடி ஆழத்தில் அடக்கம் நடந்தது. சாட்சி, ஆசீர்.